கோஸ்டா ரிகாவின் பசிபிக் கரையில் டைவிங்: எங்கே, எந்த மாதம், என்ன பார்க்கலாம்?

அந்தமானில் ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலை டைவிங் கோர்ஸ் முடித்திருக்கிறீர்கள். அடுத்து கோஸ்டா ரிகாவின் பசிபிக் கரைக்குப் போகலாமா, எந்த இடம், எந்த மாதம், டைவ் செய்யாத மனைவிக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஹூஸ்டனில் வேலை பார்க்கிறேன். இங்கிருந்து கோஸ்டா ரிகாவின் வடமேற்கில் இருக்கும் லிபேரியா நகரத்துக்கு நேர் விமானம் இருப்பதால் எனக்கு அந்தக் கரை நன்றாகப் பழகிவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் போகிறதற்கு முன்னால் மனதில் இருக்கிற படத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தெளிந்த நீலத் தண்ணீர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்ணப் பவளம் என்று எதிர்பார்த்துப் போனால் முதல் டைவிலேயே மனம் விட்டுப் போகும். அங்கே தண்ணீர் பெரும்பாலும் பச்சை. சில நாள் ஐந்தாறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. அடியில் எரிமலைப் பாறைதான் அதிகம். அந்தப் பச்சைக்குள்ளிருந்து வருகிற உயிரினங்களைப் பார்க்கத்தான் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அங்கே வருகிறார்கள்.

தண்ணீர் ஏன் பச்சை என்று தெரிந்துகொண்டால் எந்த மாதம் எங்கே போவது என்பதும் தானாகப் புரிந்துவிடும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கரீபியன் பக்கமிருந்து வீசும் காற்று மத்திய அமெரிக்காவின் மலைத்தொடரில் தடுக்கப்படுகிறது. நிகராகுவா ஏரிப் பகுதி தாழ்வான நிலம். அந்த இடைவெளி வழியாகக் காற்று பாய்ந்து வந்து பசிபிக் பக்கம் பாப்பகாயோ வளைகுடாவில் இறங்குகிறது. கரையோரத்து மேல்தண்ணீரை அது வெளிக்கடலுக்குத் தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. ஆழத்துத் தண்ணீரில் சத்து அதிகம். வெயில் பட்டதும் மிதவை உயிரிகள் பெருகுகின்றன, தண்ணீர் பச்சையாகிறது. மிதவை உயிரிகளைத் தின்னச் சின்ன மீன், சின்ன மீனைத் தின்னப் பெரிய மீன், அப்புறம் மிதவை உயிரிகளையே நேராக வடிகட்டிச் சாப்பிடும் மான்டா திருக்கை என்று எல்லாம் அதன் பின்னால் வருகின்றன. பச்சையாக இருக்கிறதே என்று நாம் முகம் சுளிக்கிற தண்ணீர்தான் அவற்றுக்குச் சாப்பாடு.

அதனால் எந்த ஊர் என்று முதலில் பார்க்காதீர்கள். எந்த உயிரினத்தைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மாதமும் ஊரும் அதற்கேற்ப அமையும்.

என்னைக் கேட்டால் மான்டா. அதற்கு வடக்கில் குவானகாஸ்தே மாகாணத்தில் உள்ள கத்தலினா தீவுகள், ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பிளமிங்கோ கடற்கரையிலிருந்து படகில் அரை மணி நேரத்தில் போய்விடலாம், பிளாயாஸ் தெல் கோகோவிலிருந்து இன்னும் கொஞ்சம் கூட ஆகும். தீவுகள் என்கிறார்களே தவிர, எல்லாம் கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் மொட்டைப் பாறைகள்தான். தண்ணீருக்குள் இறங்கியதும் முதலில் உறைப்பது குளிர். மற்ற மாதங்களில் 28 டிகிரி இருக்கிற கடல் இந்த மாதங்களில் 20 டிகிரி பக்கம் இறங்கும். ஒரே டைவில்கூட சூடான அடுக்கும் குளிர்ந்த அடுக்கும் மாறி மாறி வரும். இரண்டும் சேருகிற இடத்தில் தண்ணீர் எண்ணெய் கலந்ததுபோல் நெளிந்து தெரியும். அந்தமானில் போட்ட மெல்லிய வெட்சூட் இங்கே போதாது. 5 மில்லிமீட்டர் சூட், தலைக்கு ஹூட், இரண்டையும் டைவ் கடையிலேயே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மான்டா வருவதை நாம் முதலில் பார்ப்பதில்லை, பார்பர் மீன்கள்தான் பார்க்கும். மஞ்சள் உடம்பு, முதுகோரம் கறுப்புப் பட்டை, உள்ளங்கை அளவு. வண்ணத்துப்பூச்சி மீன் இனத்தைச் சேர்ந்தவை. பாறை மேல் கும்பலாக மேய்ந்துகொண்டிருப்பவை திடீரென்று எல்லாம் ஒரே பக்கம் எழும்பி நடுத்தண்ணீருக்குப் போகும். அவை போகிற திசையைப் பாருங்கள். பச்சைக்குள் முதலில் ஒரு கருமை, பிறகு வெள்ளை வயிறு, பிறகு ஒரு மாருதி காரைவிட அகலமான உடம்பு முழுசாக வந்து தலைக்கு மேல் நிற்கும். நிற்கும் என்றா சொன்னேன்? நீந்துவதை நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பார்பர் மீன்கள் வயிற்றிலும் செவுள் பிளவுகளிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். கீழே ஒட்டுமீன் ஒன்றிரண்டு தொங்கிக்கொண்டே வரும். தலைக்கு முன்னால் இருக்கிற இரண்டு மடல்களும் சுருண்டிருந்தால் அது சாப்பிட வரவில்லை, சுத்தம் செய்துகொள்ள வந்திருக்கிறது என்று அர்த்தம். விரிந்திருந்தால் வாய்க்குள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. கண் பக்கவாட்டில் இருக்கும். அது நம்மைக் கவனித்துப் பார்க்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்போது நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாறைக்குப் பக்கத்தில் தாழ்ந்து, கைகாலை ஆட்டாமல் இருப்பது. பின்னாலேயே துரத்தினால் போய்விடும், மற்றவர்களுக்கும் கிடைக்காது. தொடவே தொடாதீர்கள், அதன் தோலின் மேல் இருக்கும் வழவழப்புதான் அதற்குப் பாதுகாப்பு. வயிற்றுப் பக்கம் தெரிந்தால் போட்டோ எடுங்கள். அங்கே இருக்கும் கறும்புள்ளிகள் ஒவ்வொரு மான்டாவுக்கும் தனி. கைரேகை மாதிரி அதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். இந்தப் பெருங்கடல் மான்டா இனம் 6, 7 மீட்டர் அகலம் வரை வளரும். ஆனால் ஏறத்தாழ ஒரு வருடம் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும், அதுவும் சில வருடங்களுக்கு ஒரு தடவை. செவுள் தட்டுகளுக்காக ஆசியச் சந்தையில் இவற்றை விற்கிறார்கள். இவ்வளவு மெதுவாகப் பெருகுகிற உயிர் அந்த மாதிரி வேட்டையைத் தாங்காது. 2013இல், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் மான்டா சேர்க்கப்பட்டபோது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். காற்று அடங்கிவிடும், தண்ணீர் சூடாகும், மான்டா குறைந்துவிடும். அந்த மாதங்களில் வடக்கே முர்சியேலகோ தீவுகளுக்குப் படகுகள் போகும். வெள்ளைக்காரர்கள் பேட் ஐலண்ட்ஸ் என்பார்கள். சாண்டா ரோசா தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கே புல் ஷார்க் (காளைச் சுறா) வரும், இரை போட்டு இழுக்காமலே. ஆனால் ஆழம் 30 மீட்டரைத் தொடும், நீரோட்டமும் உண்டு. ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டருக்குத்தான். அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழ் இல்லாமல் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

தெற்கே ஓசா தீபகற்பத்துக்கு எதிரில் கான்யோ தீவு. என் கணக்கில் உங்களைப் போல் புதிதாக ஆரம்பித்தவர்களுக்கு இதுதான் நல்ல இடம். பாப்பகாயோ காற்றின் குளிர் இவ்வளவு தூரம் எட்டாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழையும் இல்லை, ஆற்றுக் கலங்கலும் இல்லை, தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்கும். டிரேக் விரிகுடாவிலிருந்தோ உவிட்டாவிலிருந்தோ படகு. உயிரியல் காப்பகம் என்பதால் அனுமதி தேவை, அதை டைவ் கடையே வாங்கித் தரும். மணலில் படுத்திருக்கும் வெண்முனைச் சுறா, சுவர்போல் நிற்கும் பாரை மீன் கூட்டம், சங்கரா, பேத்தை மீன், பொந்துக்குள்ளிருந்து வாயைத் திறந்து திறந்து மூடும் பச்சை விலாங்கு, கடலாமை எல்லாம் ஒரே டைவில் பார்க்கலாம். விலாங்கு வாயைத் திறப்பது மிரட்டுவதற்கு இல்லை, மூச்சு விடுவதற்கு. பாஹோ தெல் தியாப்லோ என்ற இடம் மட்டும் ஆழமும் ஓட்டமும் உள்ளது, அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கான்யோவில் பவளமும் கொஞ்சம் இருக்கிறது. 1982-83இல் எல் நினோ என்ற கடல் சூடேற்றம் வந்தபோது கிழக்குப் பசிபிக் முழுக்கப் பவளம் வெளுத்துச் செத்தது. இங்கே ஏறக்குறைய பாதி போனது, கலாபகோஸ் தீவுகளில் கிட்டத்தட்ட எல்லாமே போனது. பீட்டர் கிளின் என்ற விஞ்ஞானி அதைக் கூடவே இருந்து பதிவு செய்தார். அதன் பிறகும் சூடு பல தடவை வந்து அடித்திருக்கிறது. மிச்சமிருக்கும் பொசிலோபோரா பவளத்தின் கிளைகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு எட்டிப் பார்க்கும். டிரபீசியா என்று பெயர், அந்தப் பவளம்தான் அதற்கு வீடு. பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திரமீன் ஏற வந்தால், இந்தக் குட்டி நண்டு அதன் குழாய்க் கால்களைக் கிள்ளிக் கிள்ளித் துரத்திவிடும். பக்கத்துக் கிளையில் ஒரு சின்ன இறால் சொடக்குப் போட்டுக்கொண்டு அதற்குத் துணை நிற்கும். இதையும் முதலில் விளக்கமாக எழுதியவர் கிளின்தான். பெரிய மீனையே தேடிக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் பார்க்காமல் போவதுதான் எனக்கு வருத்தம். துடுப்பு பட்டால் அந்த வீடு உடைந்துவிடும், அதனால் மிதப்பைக் கட்டுப்படுத்துவது நன்றாகக் கைவந்த பிறகு கிட்டே போங்கள்.

சுத்தியல் தலைச் சுறாக் கூட்டம் வேண்டும் என்றால் கோகோஸ் தீவு. பிளாயாஸ் தெல் கோகோ வேறு, கோகோஸ் தீவு வேறு. பெயரைப் பார்த்துக் குழப்பிக்கொண்டு அறை பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தீவு கரையிலிருந்து 550 கிலோமீட்டர். புந்தாரேனஸ் துறைமுகத்திலிருந்து படகில் சுமார் ஒன்றரை நாள், அப்புறம் படகிலேயே தங்கித்தான் டைவ் செய்ய வேண்டும். 1997 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 2021 கடைசியில் அதன் பாதுகாக்கப்பட்ட கடற்பரப்பைச் சுமார் 2,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 54,000க்கு மேல் விரித்தார்கள். கடல்மலை உச்சிகளின் மேல் நூற்றுக்கணக்கில் இந்தச் சுறாக்கள் சுற்றும். ஓட்டம் பலமாக இருக்கும், ஆழமும் அதிகம். இப்போதைக்கு அது உங்களுக்கு வேண்டாம். ஆனால் அந்தப் பெரிய சுறாக்களின் குட்டிகள் வளர்வது கரையோரத்துச் சதுப்புநிலங்களில்தான். ஓசாவுக்கு உட்புறம் இருக்கும் கோல்ஃபோ துல்சே வளைகுடா அப்படிப்பட்ட ஒரு தொட்டில். 2018இல் அங்கே ஒரு பகுதியைச் சுத்தியல் தலைச் சுறாவின் சரணாலயமாக அறிவித்தார்கள். குட்டி வளரும் இடத்தில் வலை விழுந்தால் நடுக்கடலில் எவ்வளவு பெரிய பூங்கா போட்டும் பயனில்லை என்பதால் அந்த அறிவிப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்கள் மனைவிக்கு: ஆகஸ்ட், செப்டம்பரில் போக முடிந்தால் உவிட்டா. அண்டார்டிகா பக்கமிருந்து கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி போட அங்கே வருகின்றன. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை தாயும் குட்டியுமாகப் படகிலிருந்தே பார்க்கலாம். அதே மாதங்களில் கான்யோவில் டைவ் செய்தால் ஆண் திமிங்கிலம் பாடுவது தண்ணீருக்குள் கேட்கும், எலும்பில் அதிர்வது தெரியும். மழைக்காலம் என்பதால் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்காது. குவானகாஸ்தே பக்கம் போனால் ஒஸ்தியோனால் கடற்கரை. பங்குனி ஆமைகள் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் முட்டையிட ஏறும் இடம். உள்ளூர் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். அதுதான் சரியும்கூட.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பிப்ரவரியில் போவேன். முதலில் பிளாயாஸ் தெல் கோகோவில் கரைக்குப் பக்கத்து இடங்களில் குளிருக்கும் அலை இழுப்புக்கும் பழகிக்கொண்டு, அங்கேயே அட்வான்ஸ்டு கோர்ஸை முடித்து, அதன் பிறகு கத்தலினா. லீவு மிச்சமிருந்தால் தெற்கே கான்யோ. டைவிங் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. பல டைவ் செய்த பிறகு விமானம் ஏற 18 மணி நேரமாவது விட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடலாம் என்பதுதான் காரணம். அதனால் கோஸ்டா ரிகாவில் மலை ஏறும் கார் பயணத்துக்கும் அதே கவனம் வேண்டும். உவிட்டாவிலிருந்து தலைநகர் சான் ஹோசேவுக்கு சான் இசித்ரோ வழியாகப் போகும் சாலை செர்ரோ தெ லா முயெர்த்தே மலையில் 3,300 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. காலையில் டைவ் முடித்துவிட்டு மதியம் அந்த வழியில் காரை எடுக்கக் கூடாது. கடற்கரையோரச் சாலை இருக்கிறது, ஆனால் சான் ஹோசேவே 1,100 மீட்டருக்கு மேல்தான். மொந்தேவெர்தே காடு பார்க்கிற திட்டம் இருந்தால் அதுவும் 1,400 மீட்டர் உயரம். மலைப் பக்கத்தை எல்லாம் பயணத்தின் முதல் பாதியில் முடித்துவிட்டு, டைவிங்கைப் பின்பாதியில் வைத்து, கடைசி ஒரு நாளைக் கரையிலேயே கழிக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.