காலநிலை நிதி: ‘பாதிப்புக்குள்ளாகும் நாடு’ எது? – கேள்வி பதில்

கேள்வி: ‘குறிப்பாகப் பாதிப்புக்குள்ளாகும் வளரும் நாடுகள்’ என்ற பட்டியல் எங்கே கிடைக்கும்?

அப்படியொரு பட்டியல் இல்லை. 1992 ஐ.நா. காலநிலை உடன்படிக்கை இந்தச் சொல்லைப் பயன்படுத்தியதே தவிர வரையறுக்கவில்லை. 2007இல் அந்த உடன்படிக்கை நாடுகள் ஏற்ற பாலி செயல்திட்டம் மூன்று பிரிவுகளைச் சொன்னது: குறைவளர்ச்சி நாடுகள் (ஐ.நா. பட்டியலிடும் மிக ஏழை நாடுகள்), சிறு தீவு நாடுகள், வறட்சியும் வெள்ளமும் தாக்கும் ஆப்பிரிக்க நாடுகள். பாரிஸ் ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு முதல் இரண்டை மட்டும், ‘போன்ற’ என்ற சொல்லோடு எடுத்துக்காட்டாகத் தருகிறது.

கேள்வி: நாடுகளுக்குக் குறியீட்டெண் போட்டு வரிசைப்படுத்தினால், நிதியில் யாருக்கு முன்னுரிமை என்ற சண்டை தீருமே?

தீராது. சூத்திரத்துக்குள்ளேயே அரசியல் உட்கார்ந்திருக்கிறது. வெளிப்பாடு (ஆபத்துக்கு எவ்வளவு ஆளாகிறது), உணர்திறன் (ஆளானால் எவ்வளவு அடிபடும்), திறன் குறைபாடு (சமாளிக்க எவ்வளவு முடியாது) என மூன்று மதிப்பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ நாட்டுக்கு 0.9, 0.8, 0.1. ‘ஆ’ நாட்டுக்கு மூன்றும் 0.6. கூட்டுச் சராசரியில் இரண்டுமே 0.6. பெருக்குச் சராசரியில் (மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்தால்) ‘அ’ ஏறக்குறைய 0.42க்கு இறங்கிவிடும், ‘ஆ’ 0.6லேயே நிற்கும். தரவு ஒன்றுதான், வரிசை மாறிவிட்டது. எந்தச் சராசரி என்று முடிவுசெய்பவரே பணம் யாருக்கு என்றும் முடிவுசெய்கிறார்.

இன்னொரு சிக்கல்: ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கையில் வெளிப்பாடு பாதிப்புநிலையின் உள்ளே இருந்தது, 2014 அறிக்கை அதைத் தனியே பிரித்தது. இரண்டையும் கலந்தால் வெளிப்பாடு இருமுறை எண்ணப்படும்.

கேள்வி: பாகிஸ்தான் எந்தப் பிரிவில் வரும்?

பாலி செயல்திட்டம் சொன்ன மூன்று பிரிவுகளில் எதிலும் வராது. 2022 வெள்ளம் 3.3 கோடி பேரைப் பாதித்தது. ஆனால் வளரும் நாடுகளுக்கு உதவும் பசுமைக் காலநிலை நிதியம், தகவமைப்புக்கான (மாறும் காலநிலைக்கு ஏற்பத் தற்காத்துக்கொள்வதற்கான) பணத்தில் பாதியையாவது குறைவளர்ச்சி, சிறு தீவு, ஆப்பிரிக்க நாடுகளுக்கே ஒதுக்க இலக்கு வைத்திருக்கிறது. மற்ற வளரும் நாடுகள் எஞ்சியதற்குப் போட்டியிட வேண்டும். இது நியாயமல்ல என்பதே என் கருத்து. மக்கள் படும் பாட்டை நாட்டின் வகை காட்டுவதில்லை.

கேள்வி: இன்னொரு நிதியமான தகவமைப்பு நிதியம் பணத்தை எப்படிப் பிரிக்கிறது?

தரவரிசை இல்லை, நாட்டுக்கு ஓர் உச்சவரம்பு. அதை 2021இல் 1 கோடி டாலரிலிருந்து 2 கோடியாகவும், பின்னர் அதற்கு மேலும் உயர்த்தினார்கள். பெரிய நாட்டுக்கும் சிறிய தீவுக்கும் அதே வரம்புதான்.

கேள்வி: நிதி கேட்கும் திட்ட முன்மொழிவு எங்கே அடிபடுகிறது?

வறுமையையும் காலநிலையையும் பிரித்துக் காட்டாத இடத்தில். கிணற்று நீரில் உப்பு ஏறுகிறது என்று எழுதினால் போதாது. கடல்மட்ட உயர்வா, அளவுக்கு மீறி நீர் இறைப்பதா என்று கேட்பார்கள். முடிந்தால் 30 ஆண்டு மழை, கடல்மட்டப் பதிவு, கிணறுவாரியாக உப்பளவு, இறைக்கும் அளவு. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இறைப்பதும் ஒரு காரணமென்றால் மறைக்காமல் எழுதி, அதைக் குறைக்கும் வேலையையும் திட்டத்தில் சேருங்கள்.