கார்ல உக்காந்தே காட்டு மிருகங்கள படம் எடுக்க ரெண்டு கேமரா: சில கேள்வி, சில பதில்

இந்தத் தடவை வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல தென்னாப்பிரிக்கா க்ரூகர் பார்க் பத்திதான். அங்க நாமளே வாடகைக் கார் ஓட்டிட்டு உள்ள போலாம்கறதால நம்மாளுங்க நிறையப் பேர் கிளம்பறாங்க போல.

கேள்வி: 100-400 எம்எம் லென்ஸ் ஒண்ணு இருக்கு. இன்னொரு கேமரா பாடி வாங்கறதா, அந்தக் காசுக்கு 150-600 வாங்கறதா?

பாடிதான். செகண்ட் ஹேண்ட் போதும், வாடகைக்குக்கூட எடுத்துக்கலாம். க்ரூகர்ல மிருகங்க தார் ரோட்லயே நடந்து வரும், யானை பத்தடி தள்ளி ரோட்டக் கடக்கும்போது 400ல பாத்தா தோல் சுருக்கம் மட்டும்தான் தெரியும். அந்த நேரத்துல லென்ஸக் கழட்டி மாட்டலாம்னு பாத்தா மண் ரோட்டுத் தூசி நேரா சென்சார்ல போய் உக்காந்துக்கும், நீங்க மாட்டி முடிக்கறப்ப யானையும் போயிருக்கும். அதனால ஒண்ணுல 100-400, இன்னொண்ணுல 24-105 இல்ல 70-200. ரெண்டுல ஒண்ணு கிராப் சென்சார்னா, அதாவது ஃபுல் ஃபிரேம விட சின்ன சென்சார்னா, பெரிய லென்ஸ அதுல போடுங்க, கேனான்ல 1.6 மடங்கு, அதாவது 400 வந்து 640 மாதிரி வேலை செய்யும், நிக்கான் சோனில 1.5.

இன்னொண்ணும் சொல்லிடறேன், ஊருக்கு வந்து பாக்கும்போது மனசுல நிக்கறது பெரும்பாலும் சின்ன லென்ஸ்ல எடுத்த படம்தான். மரம், வானம், காய்ஞ்ச புல்லு எல்லாம் சேர்ந்து இருக்கும். வெறும் சிங்க மூஞ்சி வேணும்னா வண்டலூர்லயே எடுத்துக்கலாமே.

கேள்வி: நான்தான் டிரைவர். ரெண்டு கேமராவயும் எங்க வைக்கறது?

அங்கயும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான், அதனால இடக்கை பக்கத்து சீட்ல பெரிய லென்ஸ் மாட்டின கேமரா. சும்மா வைக்காதீங்க, பிரேக் போட்டா உருண்டு கீழ விழும், ஒரு பெரிய டவல சுருட்டி அணை கட்டி அதுக்குள்ள படுக்க வைங்க. சின்ன லென்ஸ் மாட்டினது அதே சீட்டுக்குக் கீழ, கால் வைக்கற இடத்துல. மடியில வேணாம், ஸ்ட்ராப் போய் கியர்ல மாட்டும், அதுக்கு ரெண்டு ஸ்ட்ராப்பயும் கழட்டிடறதே நல்லது. டாஷ்போர்டு மேல வெயில்ல வைக்கவே கூடாது. ரெண்டு மேலயும் வெள்ளை பருத்தித் துணி, தலைகாணி உறைகூடப் போதும். கேப் கழட்டி ஹுட் மாட்டி பவர் ஆன்லயே இருக்கட்டும்.

கேள்வி: ஜன்னல்ல லென்ஸுக்கு அணைவா வைக்கற பை, அதான் பீன்பேக், அத வச்சுத்தான் எடுக்கறேன், ஆனாலும் பாதிப் படம் மசமசன்னு இருக்கு. லென்ஸ் கோளாறா?

லென்ஸா இருக்க வாய்ப்பு கம்மி. மொதல்ல எஞ்சின ஆஃப் பண்றீங்களா? பீன்பேக் கதவு மேலதான இருக்கு, எஞ்சின் ஓடினா அதிர்வு நேரா லென்ஸுக்கு வரும். அடுத்து ஏசி. உள்ள ஜில்லுனு இருக்கு, வெளிய கொதிக்குது, கண்ணாடிய இறக்கின உடனே ரெண்டு காத்தும் ஜன்னல்லயே கலக்கும், அந்தக் கலங்கல் வழியா 400ல ஃபோகஸ் பண்ணினா எந்த லென்ஸும் ஷார்ப்பா குடுக்காது. படம் எடுக்கப் போறோம்னா ஏசி இல்லாம கண்ணாடிய இறக்கி ஓட்டுங்க, வேர்க்கும், வேற வழியில்ல. கண்ணாடிய மூடிட்டு அது வழியா எடுக்கறதும் இதே கதைதான்.

மூணாவது கானல். காலைல ஒம்போது பத்து மணிக்கு மேல தரை சூடாயிட்டா நூறு மீட்டர் தள்ளி இருக்கற சிறுத்தை அலை அலையாத்தான் தெரியும், அதுக்கு மருந்தே கிடையாது. அந்த நேரத்துல பெரிய கேமராவ கிட்ட உக்காந்திருக்கற பறவைக்கு வச்சுக்கங்க, தூரத்துல இருக்கறத சின்ன லென்ஸ்ல நிலத்தோட சேத்து எடுங்க.

பீன்பேக்க காலியா கொண்டு போய் அங்க கடைல அரிசி வாங்கி ரொப்புங்க. கெளம்பறப்ப சமைச்சும் சாப்ட்டுக்கலாம், நான் சொல்லல.

கேள்வி: ரெண்டு கேமரால எடுத்ததும் கம்ப்யூட்டர்ல முன்னும் பின்னுமா கலந்துடுது.

கடிகாரம். ரெண்டுலயும் ஒரே நேரத்த வைங்க, அங்க நம்மள விட மூணரை மணி நேரம் பின்னாடி. ஃபைல் பேர் முன்னெழுத்த மட்டும் வேற வேறயா மாத்திக்கங்க. பட்டன் செட்டிங்கும் ஒரே மாதிரி இருக்கணும்: மேனுவல் மோடு, ஆட்டோ ஐஎஸ்ஓ, ஷட்டர் ஸ்பீட் நடக்கற மிருகத்துக்கு 1/1000, பறக்கறதுக்கு 1/2000க்கு மேல. ஒண்ணு கேனான் ஒண்ணு நிக்கான்னு வச்சிருந்தா ஜூம் திருப்பற திசையே எதிர் எதிரா இருக்கும், அவசரத்துல கை தடுமாறும், நண்பர்கிட்ட கடன் வாங்கறதுன்னா அதையும் பாத்து வாங்குங்க.

கேள்வி: க்ரூகர்ல எந்த ரோடு நல்லாருக்கும்?

ஸ்குக்கூசா கேம்ப்ல இருந்து லோயர் சாபி கேம்ப் போற ஹெச்4-1ங்கற ரோடு, சாபி ஆத்த ஒட்டியே போகும். லோயர் சாபி பக்கத்துல சன்செட் டேம்ல கார தண்ணி ஓரத்துலயே நிறுத்தலாம், நீர்யானை, முதலை, நாரை எல்லாம் உண்டு, ரெண்டு கேமராவுக்கும் வேலை இருக்கும். சிங்கத்துக்கு சதாரா கேம்ப் பக்கம் எஸ்100ங்கற மண் ரோடு, தூசி ஜாஸ்தி. தார்ல 50, மண்ல 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓட்டக் கூடாது. ஜன்னல்லயோ சன்ரூஃப்லயோ உடம்ப வெளிய நீட்டறதும் தப்பு.

கேள்வி: முதுமலை வழியா மைசூர் போறப்ப கார ஓரங்கட்டி எடுக்கலாமா?

கூடாது. நிறுத்தினாலே அபராதம். தெப்பக்காட்டுல வனத்துறை சஃபாரி வண்டி இருக்கு, அதுல போங்க.

கேள்வி: நாங்கள் இலங்கையில வில்பத்து காட்டுக்குப் போறம், ஹயர் ஜீப். பீன்பேக் சரிவருமோ?

ஜீப்ல பக்கவாட்டுக் கம்பி இருக்கும், அது மேல நழுவாம உக்கார்ற மாதிரி ரெண்டு பக்கமும் தொங்கற பை எடுத்துட்டுப் போங்க. அதைவிட முக்கியம் டிரைவர்கிட்ட கிளம்பறதுக்கு முன்னாடியே பேசிடறது, சிறுத்தையக் கண்டா எஞ்சின நிறுத்தணும்னு. கூட வர்றவங்க அசைஞ்சா முழு ஜீப்பும் ஆடும், அதனால ஷட்டர் ஸ்பீட க்ரூகர விட கொஞ்சம் ஏத்தியே வைங்க.

கேள்வி: யானை காரப் பாத்து வந்தா?

ரெண்டு கேமராவயும் கீழ வைங்க, அதான் மொதல் வேலை. கையில கேமராவோட ரிவர்ஸ் எடுக்க முடியாது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல மதநீர் வழிஞ்ச தடம் தெரிஞ்சா அது கிட்ட வர்ற வரைக்கும் காத்திருக்கவே வேணாம், தூரத்துலயே திரும்பிடுங்க. பின்னாடி இன்னொரு கார் ஒட்டி நின்னுட்டா போக வழி இருக்காது, அதனால நிறுத்தும்போதே கண்ணாடில பின்பக்கம் பாத்து நிறுத்துங்க.

கேள்வி: ட்ரோன்?

க்ரூகர்ல தடை. வீட்லயே விட்டுட்டுப் போங்க.