இவோ ஜிமா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’ (2006) படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதைப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் இவோ ஜிமா தீவைக் காத்துநின்ற ஜப்பானியச் சிப்பாய்களின் கதை அது. ரொட்டிக்கடைக்காரனாக இருந்து சிப்பாயாக்கப்பட்ட சைகோவுக்காகக் கண்கலங்கினேன். பிறகு என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. என் தாத்தா மலாயாத் தோட்டத்திலிருந்து, அந்தப் போரின்போது ஜப்பானியப் படை தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர். அவரைக் கொண்டுபோன படையின் சிப்பாய்களுக்காக நான் ஏன் இரங்க வேண்டும்? இது கொடியவர்களுக்கு வெள்ளையடிக்கும் வேலை அல்லவா?

ரா., ஈப்போ

அன்புள்ள ரா.,

உங்கள் கோபம் நியாயமானது. ஒரு சினிமாவுக்காக அதை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த ரயில்பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன; அங்கே மாண்ட மலாயாத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

ஆனால் இந்தப் படம் ஜப்பானியப் படை பிறருக்குச் செய்ததைப் பற்றியது அல்ல. தன் ஆட்களையே அது என்ன செய்தது என்பதைப் பற்றியது. ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இவோ ஜிமா என்னும் கந்தகத் தீவில் சுமார் 21,000 ஜப்பானியர் சுரங்கம் தோண்டி அமர்த்தப்பட்டார்கள். 1945 பிப்ரவரி 19 முதல் மார்ச் 26 வரை நடந்த போரின்போது உயிருடன் பிடிபட்டவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர்தான். தீவின் தென்முனையிலுள்ள சூரிபாச்சி மலைக் குகைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பின்வாங்கி வடக்கே வந்து சேரும்படி தீவின் ஜப்பானியத் தளபதி குரிபயாஷி ஆணையிட்டிருக்க, அதை மதிக்காத கேப்டன் கௌரவச் சாவைத் தேர்ந்தெடுக்கிறான். சிப்பாய்கள் ஒருவர்பின் ஒருவராகக் கையெறி குண்டை மார்போடு அணைத்துக்கொண்டு சிதறுகிறார்கள். தன் சிப்பாயின் உயிரையே இவ்வளவு மலிவாக எண்ணிய படை, தோட்டத்திலிருந்து பிடித்துச் சென்ற கூலியாளின் உயிரை என்னவென்று எண்ணியிருக்கும் என்பதற்கான விடை, எனக்கு அந்தக் குகைக்குள்தான் கிடைத்தது. சைகோவுக்காக நீங்கள் இரங்கியது உங்கள் தாத்தாவுக்குச் செய்த துரோகம் என்று நான் நினைக்கவில்லை.

படத்தின்மேல் எனக்குள்ள குறை வேறு. அதில் நாம் மதிக்கும்படி காட்டப்படும் அதிகாரிகள் இருவருமே அமெரிக்காவை அறிந்தவர்கள். குரிபயாஷி அங்கே ராணுவப் பிரதிநிதியாக இருந்தவர். நிஷி 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் தங்கம் வென்றவர். இருவரும் வரலாற்று மனிதர்கள், இந்தத் தகவல்களும் உண்மைதான். ஆயினும் அமெரிக்காவைக் கண்டவன் பண்பாளன், காணாதவன் மூர்க்கன் என்று ஒரு கோடு படத்தில் விழுந்துவிடுகிறது. ஏறக்குறைய முழுக்க ஜப்பானிய மொழியில் எடுத்த பிறகும் இயக்குநரின் ஊர் எது என்று தெரிந்துவிடும் இடம் இது. (சரணடைந்த சிப்பாய் ஷிமிசுவை அமெரிக்கக் காவலர்களே சுட்டுக்கொல்வதைக் காட்டும் நேர்மையும் அவருக்கு இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) கடல் கடந்து எதையும் கண்டிராத சைகோ ஒருவன்தான் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறான், அதனாலேயே படம் பிழைக்கிறது.

வெள்ளையடிப்பு என்றீர்கள். அதை உண்மையில் செய்தவர்கள் தோக்கியோவில் இருந்தார்கள். வீட்டுச் சமையலறைத் தரையைச் சரிசெய்யாமல் வந்துவிட்டோமே என்று மனைவிக்கு எழுதிய அதே குரிபயாஷி, கடைசித் தந்தியுடன் ஒரு கவிதையும் அனுப்பினார். குண்டும் தோட்டாவும் தீர்ந்து மடிவது ‘துக்கமாக இருக்கிறது’ என்ற பொருளில் அது முடிந்தது. தலைமையகம் அந்த ஒரு சொல்லை அடித்து, ‘மனம் குமைகிறது’ என்பது போன்ற வேறொரு சொல்லைப் போட்டுத்தான் பத்திரிகைகளுக்குக் கொடுத்தது. ஒரு தளபதி துக்கப்படுவதைக்கூட அந்த அரசால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, எதிரி நாட்டு இயக்குநர் ஒருவர் அந்தத் துக்கத்தைத் திரும்ப அவர்களிடம் கொடுத்திருக்கிறார்.

படத்தின் முடிவில், மண்ணுக்குள் புதைத்த பையிலிருந்து அனுப்பப்படாத கடிதங்கள் கொட்டுகின்றன. உங்கள் தாத்தாவைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டவை, அவர் போன ஆண்டு, தோட்டத்தின் பெயர் என எது நினைவிலிருந்தாலும் எழுதி அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்