ஸ்பானிஷ் எழுத்துகளின் தலையில் ஏன் அந்தச் சாய்கோடு? அதைப் போடாமல் எழுதினால் என்ன?

என்ன ஆகும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். ஸ்பானிஷ் வகுப்பில் இரண்டாவது வாரம், என்னைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார் கொலம்பியாக்கார டீச்சர். 'எனக்கு இங்கிலீஷ் பேச வரும்' என்று பெருமையாக எழுதினேன். இங்கிலீஷுக்கு அங்கே இங்க்லேஸ் என்று பெயர், கடைசி உயிரெழுத்தின் மேல் கோடு வேண்டும். நான் போடவில்லை. கோடு இல்லாவிட்டால் அது ஈங்க்லெஸ். பொருள்: தொடையிடுக்குகள். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்தக் கோட்டின் பெயர் தில்டே. சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்று காட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. சரி, அப்படியானால் ஏன் எல்லாச் சொல்லிலும் இல்லை? உயிரெழுத்திலோ, என், எஸ் ஆகிய எழுத்துகளிலோ முடியும் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசையை அழுத்த வேண்டும். வேறு எழுத்தில் முடிந்தால் கடைசி அசையை. இதற்கு அடங்கிய சொல்லுக்குக் கோடு கிடையாது, மீறுகிற சொல்லுக்கு மட்டும் உண்டு. ஆக, கோடு இல்லாததும் ஒரு தகவல்தான். இது புரிந்த பிறகு நான் மனப்பாடம் செய்வதையே விட்டுவிட்டேன்.

என், எஸ் மட்டும் ஏன் உயிரெழுத்தோடு சேர்ந்தன? பன்மைப் பெயர்கள் எஸ்ஸிலும், 'அவர்கள்' என்பதற்கான வினைகள் என்னிலும் முடிகின்றன. காஸ (வீடு) காஸஸ் ஆனாலும் அழுத்தம் அதே இடத்தில்தான். இதனால்தான் கன்ஸியோன் (பாட்டு) பன்மையில் கன்ஸியோனெஸ் ஆகும்போது கோட்டை இழக்கிறது. ஹோபென் (இளைஞர்) நேர்மாறு: ஒருமையில் கோடு இல்லை, ஹோபெனெஸ் என்னும் பன்மையில் முளைக்கிறது.

நமக்கு ஒரு வசதி உண்டு. அவர்களுக்கும் அ, இ, உ, எ, ஒ என்று ஐந்தே உயிரொலிகள். அழுத்தம் விழும் இடத்தில் நெடில், மற்ற இடங்களில் குறில் என்று தமிழில் எழுதிப் பாருங்கள். பாப்ப உருளைக்கிழங்கு, பப்பா அப்பா. தேர்மினொ என்றால் கலைச்சொல் அல்லது முடிவு, தெர்மீனொ 'முடிக்கிறேன்', தெர்மினோ 'அவர் முடித்தார்'. எழுத்து வரிசை மூன்றிலும் ஒன்றே! ஆனால் நெடிலை நம் பாணியில் இரண்டு மாத்திரைக்கு இழுக்காதீர்கள், பாடுவதுபோல் இருக்கும். குரலைச் சற்று உயர்த்தி, பலமாகச் சொன்னால் போதும்.

அப்புறம், உச்சரிப்பை மாற்றாத கோடுகளும் உண்டு. து என்பது கோட்டோடு 'நீ', இல்லாமல் 'உன்'. ஸி கோட்டோடு 'ஆமாம்', இல்லாமல் 'என்றால்'. இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். 'மட்டும்' என்றதும் நினைவுக்கு வருகிறது: அந்தப் பொருளில் வரும் ஸோலொ என்ற சொல்லுக்குக் கோடு தேவையில்லை என்று ஸ்பெயினின் மொழி அகாதெமி 2010இல் சொன்னது, பலர் கேட்கவில்லை. குழப்பம் வரும் என்று எழுதுபவர் நினைத்தால் போட்டுக்கொள்ளலாம் என்று 2023இல் வார்த்தையைத் தளர்த்தியது.

பெரிய எழுத்துகளுக்குக் கோடு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வேண்டும். சாட்டில் அவர்களே பாதி நேரம் போடுவதில்லை என்பது வேறு விஷயம். என் டீச்சர் மட்டும் இங்க்லேஸ் என்று எழுதும்போதெல்லாம், என்னைப் பார்த்துக்கொண்டே கோட்டைக் கொஞ்சம் நீளமாக இழுக்கிறார்.