சென்னை–சிங்கப்பூர்: டிக்கெட்டில் ஆறேமுக்கால் மணி நேரம், பறப்பதோ நாலேகால்

கேள்வி: எங்களுக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். அம்மாவும் அப்பாவும் முதல் தடவையாகச் சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். சென்னையில் காலை 10.00-க்குப் புறப்பட்டு மாலை 4.45-க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. இணையத்தில் தூரத்தைப் போட்டுப் பார்த்தால் மூன்றரை மணி நேரம் என்கிறது. எது சரி? அப்பா இன்சுலின் போடுகிறவர், அதனால் கேட்கிறேன். பாண்டிச்சேரியிலேயே ஏற்றிவிட முடியுமா?

பதில்: இரண்டுமே சரியில்லை. புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரப்படி, இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படி. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 4.45-இல் அதைக் கழித்தால் நம்மூர் நேரம் 2.15. ஆக, நாலேகால் மணி நேரப் பயணம்.

அந்த மூன்றரை எப்படி வந்தது? சென்னைக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 2,900 கி.மீ. அதை மணிக்கு 830 கி.மீ. என்று வகுத்துச் சொல்லிவிடுகிறார்கள். விமானம் அந்த வேகத்தைத் தொடுவது மேலே போன பிறகுதான். டிக்கெட்டுக் கணக்கோ, விமானம் நிற்கும் இடத்திலிருந்து பின்னால் தள்ளப்படும்போதே தொடங்கிவிடும். ஓடுபாதைக்கு மெல்ல ஊர்வது, வரிசையில் நிற்பது, இறங்க அனுமதி வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். காற்றும் சேர்ந்துகொள்ளும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து பலமாகக் காற்று வீசும். சிங்கப்பூர் போகும்போது அது எதிர்க்காற்று. திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும்.

இன்னொன்று. துபாயும் சென்னையிலிருந்து கிட்டத்தட்ட இதே 2,900 கி.மீ.தான். ஆனால் அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை 10-க்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால் அங்கே மணி பகல் 12.45! டிக்கெட்டை மட்டும் பார்ப்பவருக்குத் துபாய் பக்கத்து ஊர்.

அப்பாவின் கைக்கடிகாரத்தை இறங்கும்வரை மாற்ற வேண்டாம். சாப்பாடும் ஊசியும் நம்மூர் நேரப்படியே போகட்டும்; அங்கே போன பிறகு எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

பாண்டிச்சேரி சரிப்படாது. லாஸ்பேட்டையில் உள்ள அந்த விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான், சின்ன ஏடிஆர் விமானங்களுக்குப் போதும். சிங்கப்பூருக்கு நேரடி விமானம் கிடையாது. பெங்களூரு போய் மாறலாம் என்றால், 270 கி.மீ.கூட இல்லாத அந்தத் தூரத்துக்கே அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடுகிறார்கள். அப்புறம் அங்கே காத்திருப்பு வேறு. வயதானவர்களை அப்படி அலைக்கழிக்க வேண்டாம்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது கடலூர்–மீனம்பாக்கம் சாலையைப் பற்றித்தான். காரில் சுமார் நாலு மணி நேரம், ஏறக்குறைய சிங்கப்பூர் போகும் நேரம். காலை 7 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்றால் பின்னிரவு இரண்டரைக்காவது கிளம்ப வேண்டும். ஈசிஆர் வேண்டாம், திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக ஜிஎஸ்டி சாலையைப் பிடித்தால் நேரே விமான நிலைய வாசல். பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து மாநகரப் பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். பெட்டிகளோடு அந்த மாற்றலுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெளிநாட்டு விமானங்களுக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள்.