முகாமில் பிறந்தவர் எந்த நாட்டுக்காரர்?

கேள்வி: என் தோழி இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து, இங்கேயே கல்லூரி வரை படித்தவள். இன்னும் குடியுரிமை இல்லை. நம் முதல்வர் நினைத்தால் கொடுக்க முடியாதா?
– வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: முடியாதம்மா. முகாமை நடத்துவது, பணக்கொடை கொடுப்பது, வீடு கட்டித் தருவது எல்லாம் மாநில அரசு. முகாமில் ஆள் இருக்கிறாரா என்று கணக்கெடுக்க வருவதும் நம் வருவாய்த்துறை அதிகாரிதான். ஆனால் யார் இந்தியர் என்பது மத்தியப் பட்டியலில் இருக்கும் விஷயம், அதை நாடாளுமன்றம்தான் முடிவு செய்யும்.

தோழி எந்த வருடம் பிறந்தார் என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் எல்லாமே தேதியில்தான் இருக்கிறது. 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் அகதியாக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த பெண்ணுக்கு பாஸ்போர்ட் தரச்சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 1987 ஜூலை 1 முதல் பிறந்திருந்தால் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-லிருந்து இன்னும் இறுக்கிவிட்டார்கள்: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. அதாவது படகில் வந்த முகாம் பெண் உள்ளூர்ப் பையனைக் கல்யாணம் செய்து இங்கேயே பிள்ளை பெற்றாலும், அந்தப் பிள்ளை பிறப்பால் இந்தியர் ஆகாது.

உயிருக்குப் பயந்து ராத்திரியில் படகேறி ராமேஸ்வரம் கரையில் இறங்கியவர்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துக்கொண்டா வருவார்கள்? அந்தக் காகிதம் இல்லாமல் வந்தவரைத்தான் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்று அழைக்கிறது, அந்தப் பெயர் விழுந்துவிட்டால் எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. இது பெரிய அநியாயம்.

கேள்வி: புதிய சட்டம் வந்து எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருச்சி

பதில்: பாதி உண்மை. 2025 செப்டம்பர் 1-ல் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்து, 1946-ன் பழைய சட்டம் போனது. கூடவே உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் இது தங்குவதற்கான விலக்குதான், குடியுரிமை இல்லை. அதற்கு நாடாளுமன்றத்தில் குடியுரிமைச் சட்டத்துக்குத் திருத்தம் வர வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு, முஸ்லிம்களை விட்டுவிட்டு, 2019-ல் அப்படி ஒரு திருத்தம் கொண்டுவந்தார்களே, அதில் இலங்கையையும் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. நம் எம்.பி.க்கள் விடாமல் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

அதுவரை, 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். மறுத்தால் மாவட்ட இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.