8.695652174 ஆம்பியருக்கு எந்த பிளக்?

கேள்வி: 25 லிட்டர் கீசர் வாங்கியிருக்கிறோம். லேபிளில் 2000 வாட், 230 வோல்ட் என்று இருக்கிறது. வகுத்தால் கால்குலேட்டர் 8.695652174 ஆம்பியர் என்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் மகனோ, "2000-இல் முக்கிய எண்ணுரு (துல்லியத்தைக் காட்டும் இலக்கம்) ஒன்றுதான், அதனால் விடை 9" என்கிறான். குளியலறையில் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். கன்வெர்ஷன் பிளக் மாட்டினால் போதும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகனுக்கு மார்க் போடலாம். தசமப் புள்ளி இல்லாத எண்ணில் கடைசியில் வரும் பூஜ்யங்கள் முக்கிய எண்ணுருக்கள் ஆகா என்பதுதான் பாட விதி. அந்த 2000-ஐ 2.0 × 10³ என்று எழுதியிருந்தால் எண்ணுரு இரண்டு, விடை 8.7 ஆகியிருக்கும். நான் 8.7 என்றே வைத்துக்கொள்வேன். அதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் கால்குலேட்டரின் உற்சாகம், அவ்வளவுதான். வீட்டு மின்சாரம் எந்நேரமும் 230-இலா நிற்கிறது?

கீசர் சுருளின் மின்தடை 230²-ஐ 2000-ஆல் வகுத்தால் கிடைக்கும் சுமார் 26 ஓம். அது பெரிதாக மாறாது. வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் 7.6 ஆம்பியர்தான் இழுக்கும், தண்ணீர் சூடாக நேரமாகும். 250-க்கு ஏறினால் 9.5 ஆம்பியர். பிளக் வாங்கும்போது இந்தப் பெரிய எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

எப்படிச் சுருக்கினாலும் 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு இது அடங்காது. கன்வெர்ஷன் பிளக் துளையின் அளவைத்தான் மாற்றும், சாக்கெட்டின் தாங்குதிறனை அல்ல. சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப ஏறும், 8.7-ஐ 6-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 2.1. அதாவது, 6 ஆம்பியரில் பிறக்கும் சூட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சாக்கெட் கருகி நாற்றம் வருவது இப்படித்தான். கடைக்காரர் பேச்சை விடுங்கள்.

16 ஆம்பியர் பவர் பிளக் (பழக்கத்தில் 15 ஆம்பியர் என்பார்கள்), நல்ல எர்த், 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் தனி லைன், 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்). இவ்வளவும் வேண்டும். அப்புறம், சுவருக்குள் போவது பழைய மெல்லிய வயர் என்றால் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்க வேண்டாம். அது வயரைக் காக்கத்தான் இருக்கிறது. மெல்லிய வயர் சூடேறினாலும் 16 ஆம்பியர் வரை அந்த எம்.சி.பி. ட்ரிப் ஆகாது. எலக்ட்ரீஷியனிடம் முதலில் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.